தொட்டில் கொக்கியில் தொங்கிய சைக்கிள்

சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் நட்டைத் திருக வேண்டும். கைபேசியில் நான் பார்த்த வீடியோக்களில் இதை எவனும் சொல்வதில்லை. பேசுகிறவன் முகமும் ஸ்பேனரும்தான் தெரியும். ஓரத்தில் ஒரு கை வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது யார் கை என்று சொல்ல மாட்டான். எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு கை இருக்கும் என்று அவனாகவே முடிவு செய்துகொள்வான் போலிருக்கிறது.

என் வீட்டில் அப்படிக் கை எதுவும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் பட்டாளத்தில் இருக்கிறான். வடக்கே எங்கோ குவார்ட்டர்ஸில் பெண்டாட்டி பிள்ளையோடு குடித்தனம். ராஜபாளையத்தில் ஒரு ஹால், ஓர் அறை, அடுப்படி, பின்னால் குழாயடி, இவ்வளவும் எனக்கு மட்டும். மில்லில் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எவன் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று பார்த்தே என் காலம் போயிற்று. இப்போது நான் எத்தனை மணிக்கு வெளியே போனாலும், எத்தனை மணிக்குத் திரும்பி வந்தாலும் கேட்க நாதியில்லை.

சைக்கிள் மில்லில் சேர்ந்த புதிதில் வாங்கியது. கறுப்பு, பெரிய சைஸ், தூக்கினால் ஒரு மூட்டை அரிசிக்கு ஆகும். முன்பெல்லாம் எது என்றாலும் கடையில்தான் விடுவேன். கடைக்காரன் கெட்டவன் இல்லை. ஆனால் வண்டியைச் சாய்த்ததுமே, "இத மாத்திரலாம் சார், அதையும் மாத்திரலாம் சார்" என்பான். மாற்றாமல் என்னை மட்டும்தான் விட்டுவைத்தான். மில் பென்ஷன் என்பது பேருக்குத்தான் பென்ஷன். அதில் மாத்திரை, கரண்டு, சாப்பாடு எல்லாம் போக, இவன் சொல்கிறபடி மாற்றிக்கொண்டே இருந்தால் நான் கஞ்சிக்குப் போய் நிற்க வேண்டியதுதான். ஒருநாள் கோபம் வந்து, பஞ்சர் ஒட்டும் சொலுஷனும் ஸ்பேனர் செட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்படி ஆரம்பித்ததுதான். முதலில் பஞ்சர். அப்புறம் பிரேக் கட்டை. அப்புறம் முன்சக்கரத்தைப் பிரித்து, பேரிங் குண்டுகளை டீசலில் கழுவி, புது கிரீஸ் வைத்து மூடுகிற அளவுக்கு வந்தேன். முதல் தடவை குண்டுகள் கை தவறிக் கொட்டி ஹால் முழுக்க ஓடின. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினேன். என் பேரன் தவழ்ந்ததை நான் பார்த்ததில்லை. அவன் தாத்தா தவழ்ந்ததை அந்த வீட்டுச் சுவர்தான் பார்த்தது. அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், கூடச் சேர்ந்து சிரிக்க ஆளில்லை என்பது உறைத்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினேன்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு பழைய சைக்கிளை எதற்குக் கட்டி அழ வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. மனைவி போன பிறகு, விடுப்பில் வந்த மகன் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்தான். சுத்தமாக இருக்கிறதாம். வேளைக்குச் சாப்பாடாம். அவனோடு வேலை பார்க்கிறவனின் அப்பா அங்கேதான் இருக்கிறாராம். நான் ருத்ரதாண்டவம் ஆடினேன். கடைசியில் அவனும் நானும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். "சைக்கிள் ஓட்டுத வரைக்கும் நீங்க நம்ம வீட்லயே இருங்கப்பா. ஓட்ட முடியலன்னு ஆயிட்டா நான் சொல்லுதத கேக்கணும்" என்றான். சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அவன் கேட்கிற முதல் கேள்வி, சாப்பிட்டாச்சா என்பதல்ல. "சைக்கிள் ஓட்டுதீங்களாப்பா?" என்பதுதான்.

ஆகவே நானும் சனிக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளில் போவேன். காலையிலேயே கிளம்பினால் லாரிகள் குறைவு. இடது கைப்பக்கம் மலை கூடவே வரும். ஆண்டாளைச் சேவித்து, துளசி வாங்கி முடிந்துகொண்டு, பிரகாரத்தில் கொஞ்ச நேரம் உட்காருவேன். அப்புறம் ஒரு கடை வாசலில் நின்றபடியே பால்கோவா தின்பேன். மனைவி இருந்தபோது பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டு வருவேன். இப்போது யாருக்குக் கொண்டு போக? வாயிலேயே போட்டுக்கொண்டு திரும்பி விடுவேன்.

போகிற வழியில்தான் அந்த இல்லம். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடம் வந்ததும் நான் வேண்டுமென்றே பெல்லை அடித்துக்கொண்டு போவேன். நான் இன்னும் வெளியேதான் இருக்கிறேன் என்று அந்தக் கட்டடத்துக்குச் சொல்வது மாதிரி. அவர்களில் ஒருவர் மட்டும் கையைத் தூக்கிக் காட்டுவார். நான் ஒருநாளும் திருப்பிக் காட்டியதில்லை. கையை எடுத்தால் ஹேண்டில் ஆடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பின்சக்கரத்தில்தான் எனக்கு வினை வந்தது. பழைய வண்டிகளில் ஸ்டாண்டும் பின் ஆக்ஸிலோடு சேர்ந்தே இருக்கும். சக்கரத்தைக் கழற்றினால் ஸ்டாண்டும் கழன்று விடும். வண்டி நிற்க வழியில்லை. ஒரு தடவை தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் இருந்தது, தடவிக்கொள்ள முதுகின் நடுவுக்குக் கை எட்டவில்லை. சுவரில் தைலத்தைத் தேய்த்து, அதில் மாடு மாதிரி முதுகை உரசிக்கொண்டேன். வெள்ளை அடித்த சுவரில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

அந்த வலியோடு படுத்துக்கொண்டு மேலே பார்த்தபோதுதான் கொக்கி கண்ணில் பட்டது. ஹால் கூரையின் நடுவில், தொட்டில் கட்டுவதற்கென்று கான்கிரீட் போடும்போதே வைத்த இரும்புக் கொக்கி. மனைவி பிடிவாதமாகச் சொல்லி வைத்தது. மகனை அதில்தான் ஆட்டினோம். அவனுக்குப் பிறகு அதில் தொட்டில் ஏறவில்லை. பேரன் பிறந்தது மருமகளின் ஊரில். அங்கிருந்து நேரே குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டான். மின்விசிறி மாட்டவும் தோதில்லாமல், அது பாட்டுக்கு ஒட்டடை படிந்து கிடந்தது.

கயிறு கட்டினால் கை அறுக்கிறது, பெயின்டும் போகிறது. அதனால் பீரோவில் இருந்து மனைவியின் சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்தேன். அடுப்படிக்கென்றே அவள் உடுத்திக்கொண்டிருந்தது. பழையது, ஆனால் நல்ல உரம். அதை முறுக்கிக் கொக்கியில் கோத்து வளையமாக முடிந்து, சீட்டை அந்த வளையத்துக்குள் நுழைத்துவிட்டால் போதும். பின்சக்கரம் அந்தரத்தில் நிற்கும். நான் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். முதல் தடவை சக்கரத்தைச் சுற்றிவிட்டபோது அது சத்தமே இல்லாமல் வெகுநேரம் சுற்றியது. சேலை லேசாக ஆடியது. "பாத்தியாட்டி, எம்புட்டு ஜோரா சுத்துது" என்று சத்தமாகவே சொன்னேன். அவள் சேலையிடம்தானே சொல்கிறேன், என்ன தப்பு?

அதிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. பின்சக்கரத்தில் என்ன என்றாலும் சேலை கொக்கியில் ஏறும், வேலை முடிந்ததும் மடித்து பீரோவுக்குப் போகும்.

அந்தக் காரியம் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். பின்சக்கரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். போன தடவை முடிச்சு தொய்ந்து டயர் தரையில் தட்டியதால், இந்தத் தடவை வளையத்தைச் சற்று உயர்த்திக் கட்டினேன். வண்டியின் கனத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டுமே. ஸ்டூலில் நின்றபடி சேலையை இரண்டு கையாலும் பிடித்து, காலை மடக்கி, என் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது. காலை ஊன்றும்போது ஸ்டூல் உருண்டு விழுந்தது. நான் குதித்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை. ஸ்டூலைத் திட்டிவிட்டு, வண்டியைக் கழுவப் பின்பக்கம் குழாயடிக்குப் போனேன். மோட்டாரைப் போட்டேன். அந்த மோட்டார் ஓடினால் இடி விழுந்தாலும் காதில் விழாது.

எதிர்வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கணவனும் மனைவியும் இரண்டே பேர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் வாஷிங் மெஷின் தண்ணீர் என் வாசலில் வந்து தேங்குகிறது என்று ஒருநாள் நான் வாயை விட்டேன். அவரும் விட்டார். வார்த்தை தடித்தது. அதற்குப் பிறகு மூன்று வருஷமாக ஒரு பேச்சு கிடையாது. எதிரெதிர் வாசலில் நின்று இருவரும் பேப்பர் எடுப்போம். ஆளுக்கு ஒரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவோம்.

அவர் மனைவி, அந்த அக்கா, மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் என் ஹால் ஜன்னலின் மேல்பாதி தெரியும். கூரையில் சேலை. அதைப் பிடித்துத் தொங்கும் நான். அப்புறம் ஸ்டூல் உருளும் சத்தம். அப்புறம் ஆளைக் காணோம். வேறு என்ன நினைப்பார்? "தேவுடா, தேவுடா" என்று அலறிக்கொண்டு இறங்கி ஓடி வந்திருக்கிறார். அண்ணாச்சி கதவைத் தட்டியிருக்கிறார், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மோட்டார் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மோட்டாரை நிறுத்திய அடுத்த நொடி, முன்பக்கம் மரம் பிளக்கிற சத்தம். கையில் ஸ்பேனரோடு ஓடி வந்தேன். கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. கடப்பாரையோடு அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் அந்த அக்காவும் தெருக்காரர்கள் நாலைந்து பேரும். ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவம்லே கதவ ஒடச்சது?" என்று கத்தினேன்.

அப்போதுதான் திரும்பினார்கள். அண்ணாச்சியின் கையில் இருந்த கடப்பாரை நழுவித் தரையில் விழுந்தது. அவர் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சைக்கிளுக்குக் கட்டுனதுய்யா. பின்சக்கரம் கழட்டணும். சைக்கிளுக்கு" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாலில் சைக்கிள் எங்கே இருந்தது? அது பின்பக்கம் தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது. போய்ப் பாருங்கள் என்றேன். ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இன்னொருவர் ஸ்டூலை நிமிர்த்தி, ஏறி, சேலையை அவிழ்த்தார். யாரோ சோடா வாங்கி வந்தார்கள். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் எங்கட்ட சொல்லக் கூடாதா" என்று அழுதார். கிரீஸ் அவர் கையெல்லாம் ஒட்டியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கோபம் அவர்கள் தப்பாக நினைத்தார்களே என்பதற்கில்லை. பார்த்ததை வைத்து நினைத்தார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. "நீரா இப்படி?" என்று ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்படி ஒருநாள் நடக்கும் என்று தெரு முழுக்க முன்பே எதிர்பார்த்துக்கொண்டிருந்த மாதிரிதான் அவர்கள் முகங்கள் இருந்தன. என் வாழ்க்கை வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறதா? அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. உடைந்த கதவைச் சாத்த முடியாமல் அதன் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. சேலையை அந்த அக்கா எடுத்துப் போய்விட்டார். சைக்கிள் பின்பக்கம் அப்படியே நின்றது. நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மகனே வந்துவிட்டான். தகவல் சொன்னது அண்ணாச்சி. அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. மகன் எப்போதோ அவரிடம் தன் நம்பரைக் கொடுத்து வைத்திருக்கிறான். அவரும் வாரம் தவறாமல், லைட் எரிந்தது, பேப்பர் எடுத்தார், சைக்கிளில் போனார் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மூன்று வருஷமாக என்னிடம் பேசாத மனுஷன் என்னைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் போனில் சொல்லப்போவதெல்லாம் அவனுக்கு முன்பே தெரியும். வேவு பார்த்தார்களே என்று கொதித்தது. அதே நேரம், நான் பேப்பர் எடுப்பதைக்கூட ஒருவர் பார்த்திருக்கிறாரே என்று ஆறுதலாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

மகன் வந்ததிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஆசாரியைக் கூட்டி வந்து கதவைச் சரி செய்தான். பாத்திரம் கழுவினான். மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்த்தான். நான் குளிக்கப் போனால் வெளியே நின்று, "அப்பா, சோப்பு இருக்கா?" என்று குரல் கொடுத்தான். சோப்பு இருப்பது அவனுக்குத் தெரியும். கண்ணை மட்டும் மேலே தூக்கவில்லை. ஹாலைக் கடக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே போனான்.

இரண்டாம் நாள், "செத்த நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போய்ட்டு வரலாம்ப்பா" என்றான். எங்கே கூட்டிப் போகிறான் என்று எனக்குத் தெரியாதா?

"வாரேன். ஆனா பஸ்ல வர மாட்டேன். சைக்கிள்லதான் வருவேன்."

"சைக்கிள்தான் ரிப்பேரா இருக்கே."

"அதத்தாம்லே நானும் சொல்லிக்கிட்டே இருக்கேன். எவன் காதுலயாவது விழுதா?"

விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குப் போனேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைக்கிறேன். "அக்கா, எஞ் சேலைய குடுங்க" என்றேன். அவர் என்னையும் எனக்குப் பின்னால் ஓடி வந்த மகனையும் பார்த்தார். மகன் தலையாட்டிய பிறகுதான் எடுத்து வந்து கொடுத்தார். துவைத்து, கிரீஸ் போக அலசி, மடித்து வைத்திருந்தார்.

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். முறுக்கிய சேலையைக் கொக்கியில் நுழைத்தபோது கீழே மகன், "வேண்டாம்ப்பா" என்றான். நான் கேட்கவில்லை. வளையம் முடிந்தேன். "அப்பா, வேண்டாம்ப்பா" என்று மறுபடியும் சொன்னான். சின்னப் பிள்ளையில் ஊசி போட டாக்டரிடம் கூட்டிப் போனால் சொல்வானே, அந்தக் குரல். பட்டாளத்துக்காரன், எத்தனையோ பார்த்தவன், என் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"விடுலே. போயி சைக்கிளத் தூக்கிட்டு வா" என்றேன்.

தூக்கி வந்தான். சீட்டை வளையத்துக்குள் நுழைத்தேன். வண்டி அந்தரத்தில் தொங்கியது. நட்டைத் திருகி, செயினைத் தளர்த்தி, பின்சக்கரத்தைக் கழற்றி அவன் மடியில் வைத்தேன். ஆக்ஸிலைப் பிரித்துக் காட்டினேன். உடைந்த குண்டு ஒன்று கிரீஸுக்குள் கிடந்தது. அதை எடுத்து அவன் உள்ளங்கையில் போட்டேன். "இதுதாம்லே கரகரன்னு சத்தம் போட்டது" என்றேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். புதுக் குண்டு போட்டு, கிரீஸ் வைத்து, மறுபடி மாட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். சத்தமில்லாமல் சுற்றியது. அவன் தரையில் உட்கார்ந்து அது நிற்கும்வரை பார்த்தான். நின்றதும் அவனே ஒரு தடவை சுற்றிவிட்டான்.

"நம்புறேன்ப்பா. பாத்த ஒடனே நம்பிட்டேன். நீங்க இங்கயே இருங்க. அங்க எல்லாம் போக வேண்டாம்."

எனக்கு உயிர் வந்தது.

"ஆனா இந்தக் கொக்கி வேண்டாம்" என்றான். "நீங்க சைக்கிளுக்குத்தான் கட்டுனீங்க. தெரியும். ஆனா நாளைக்கி நான் போன் போட்டு நீங்க எடுக்கலன்னு வைங்க, எனக்கு இதுதான் கண்ணு முன்னால வரும். அங்கேயிருந்து ஓடி வர முடியாதுப்பா."

அவனே போய் அண்ணாச்சியிடம் ரம்பம் வாங்கி வந்தான். இரும்பு அறுக்கிற ரம்பம். ஸ்டூலில் அவன் ஏறினான், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். இரும்புத் தூள் என் தலையிலும் தோளிலும் விழுந்தது. கொக்கி லேசில் அறுபடவில்லை. அவள் நல்ல கம்பியாகப் பார்த்து வைக்கச் சொல்லியிருந்தாள். நடுவில் ஒரு தடவை அறுப்பதை நிறுத்திவிட்டு, "என்ன இதுலதான ஆட்டுனீங்க?" என்று கேட்டான். "ஆமா. ஆட்டுறத நிறுத்துனா அழுவ" என்றேன். மறுபடி அறுத்தான்.

கூரையில் இப்போது ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு சிமெண்டுப் பூச்சு இருக்கிறது. அறுந்த கொக்கியை என் டூல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். செயினைத் தூக்கிப் பிடித்து மாட்டத் தோதாக இருக்கிறது.

மகன் போன பிறகு அடுத்த சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அந்த இல்லம் வந்தது. பெல் அடிக்கத் தோன்றவில்லை. வராந்தாவில் அந்த ஆள் கையைத் தூக்கினார். நானும் ஒரு கையை எடுத்துக் காட்டினேன். ஹேண்டில் ஒன்றும் ஆடவில்லை.

திரும்பி வரும்போது பின் டயர் பஞ்சர். நல்லவேளை, ஊர் எல்லைக்கு வந்துவிட்டேன், தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தேன். டயரும் தேய்ந்திருந்தது, சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வாசலில் வண்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கொக்கி இல்லை. கடையில் விடலாம் என்றால், அவன் ஹேண்டில் வரை மாற்றச் சொல்வான். எதிரே அண்ணாச்சி ஈசிச்சேரில் உட்கார்ந்து என்னைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "செத்த நேரம் வாரீகளா? பின்சக்கரத்தக் கழட்டணும், வண்டியப் பிடிக்க ஆளில்ல."

உடனே எழுந்து வந்துவிட்டார். சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் நட்டைத் திருகத் திருக, "அப்படித் திருகாதய்யா, இப்படித் திருகு" என்று வேலை முடியும்வரை ஒரே நச்சரிப்பு. சைக்கிளைப் பற்றி அந்த மனுஷனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. நானும் பதிலுக்குப் பதில் கொடுத்தேன். வாஷிங் மெஷின் தண்ணீரைப் பற்றியும் பேச்சு வந்தது. இந்தத் தடவை வார்த்தை தடிக்கவில்லை. அந்த அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். வண்டியை முடிக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை முற்பகல் என்றால் அண்ணாச்சியைக் கூப்பிடுவது வழக்கமாயிற்று. ஒருநாள் செயின், ஒருநாள் ஃப்ரீவீல், ஒருநாள் கம்பி கழன்று ரிம் கோட்டம். ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருந்தது.

மாதம் ஒன்று போயிருக்கும், கூரியரில் ஒரு பெரிய பெட்டி வந்தது. மகன் அனுப்பியது. சைக்கிளைக் கவ்விப் பிடித்து, வேண்டிய உயரத்தில் நிறுத்தி வைக்கிற இரும்பு ஸ்டாண்டு. அன்றைக்கே போன் செய்தான். "இனிமே யாரு தயவும் வேண்டாம்ப்பா. நீங்க தனியாவே எல்லாம் பாத்துக்கலாம்" என்றான். எவ்வளவு யோசித்து, தேடிப் பிடித்து வாங்கியிருப்பான் என்று எனக்குத் தெரிந்தது. "ரொம்ப நல்லா இருக்குலே" என்றேன். போனை வைத்துவிட்டு, பெட்டியைப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, சைக்கிளில் ஒரு கோளாறும் இல்லை. இருந்தும் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். பின்சக்கரத்தைக் கழற்றி, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைத் துடைத்துத் திரும்ப மாட்டினேன். நட்டு ஒன்று கை தவறி அறைக்குள் உருண்டு போயிற்று. அண்ணாச்சி குனிந்து தேடப் போனார். கட்டிலுக்கு அடியில் இருந்து அவர் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமானது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அந்தப் பெட்டியின் மேல் படம் போட்டிருந்தது. ஸ்டாண்டில் கவ்விய சைக்கிளும், பக்கத்தில் தனியாக நின்று சிரித்தபடி வேலை பார்க்கிற ஓர் ஆளும்.

நட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை. வேண்டாத வேலைக்கு ஒரு வயசானவரைக் கூப்பிட்டு அலைக்கழிக்கிறான் என்று நினைத்திருப்பார். இனி என்ன முகத்தோடு கூப்பிடுவது? வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் பேப்பர் எடுக்கும்போதுகூட நான் அவர் பக்கம் திரும்பவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்பேனர் பெட்டியிலேயே கிடந்தது. வீட்டில் சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் செருப்பு விடுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணாச்சி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். சைக்கிள் பக்கத்தில் போய் நின்று, சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னய்யா உக்காந்துட்ட? இன்னைக்குச் சக்கரம் கழட்டலையா?" என்றார்.

நான் எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்தேன்.